மேட்டுக்கு ஏறும் குழாய்

இலட்சுமிப்பிள்ளையின் கைபேசி அடித்தால் கோணாமலை அதை எடுப்பதில்லை. எடுக்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பழக்கம் அப்படி வந்துவிட்டது. நோர்வேயிலிருந்து மகள் விதுர்ஷா கூப்பிடுவாள். தாயும் மகளும் மீன் விலையில் தொடங்கி அயல்வீட்டுக் கலியாணம் வரைக்கும் கதைத்து முடிப்பார்கள். பிறகுதான் கைபேசி அவர் கைக்கு வரும். "சுகமா மகள்? குளிரா?" என்று கேட்பார். சுகம் என்றும் குளிர்தான் என்றும் அவள் சொல்வாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படாது. திரையில் தெரியும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைபேசியை மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

விதுர்ஷா அவருக்கு ஒரே பிள்ளை. தேற்றாத்தீவிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரையில் இருக்கும் வயலுக்குப் போகும்போது, சின்ன வயதில் அவளையும் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு போவார். வயல் வட்டையில் யாருடைய வரம்பு எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெரியபிள்ளையானதும் அவள் தாயின் பக்கம் போய்விட்டாள். அப்படித்தான் நடக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். அதன் பிறகு படிப்பு, கலியாணம், நோர்வே. மருமகன் ஜெயரூபன் அந்த நாட்டின் வடகரையில், ஒரு சின்ன ஊரில், மீன் ஏற்றும் கப்பலில் வேலை செய்தான். கடலைப் பார்த்த சரிவில் பழைய மரவீடொன்றை வாங்கிப் போயிருந்தார்கள். விதுர்ஷாவுக்கு இப்போது ஏழாம் மாதம்.

தை பிறந்து சில நாட்கள்தான். மாரி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அமிர்தகழியில் தங்கை மகளின் சடங்கு என்று இலட்சுமிப்பிள்ளை விடியவே பஸ் ஏறிப் போய்விட்டாள். போன அவசரத்தில், சார்ஜில் போட்ட கைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே விட்டுவிட்டாள். கோணாமலை மத்தியானச் சோற்றில் கை வைத்த நேரம் அது அடித்தது. அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. மூன்றாம் தரமும் அடித்தபோது, அவர் கையைக் கழுவிச் சாரனில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

கம்பளித் தொப்பிக்குள் மகளின் முகம் தெரிந்தது. பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இருட்டுமில்லாத வெளிச்சமுமில்லாத ஒரு நீலம். அங்கே அப்போது காலை. ஆனால் அந்த மாதத்தில் சூரியன் அந்த ஊரை எட்டியும் பார்ப்பதில்லை.

அம்மா எங்கே என்று கேட்டாள். சடங்குக்குப் போய்விட்டாள் என்றார். அப்படியென்றால் மறுகா எடுக்கிறேன் என்று அவள் கையை நீட்டினாள், அழைப்பை நிறுத்த. கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்ததை அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"என்ன மகள்?"

"ஒண்டுமில்ல அப்பா."

"ஒண்டுமில்லாமலா மூண்டு தரம் அடிச்ச நீ?"

அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். "கக்கூஸ் வேல செய்யுதில்ல அப்பா."

தகப்பனிடம் ஒரு மகள் சொல்லக்கூடிய கதையல்ல அது. அதுவும் வயிற்றில் பிள்ளையோடு, அரை மணிக்கொரு தரம் போக வேண்டியிருக்கிற காலத்தில். கோணாமலைக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாரும் இல்லை. ஜெயரூபன் கடலில் நின்றான். பின்னேரம்தான் சிக்னல் கிடைக்கும். குழாய் வேலைக்காரர்களுக்கு அடித்துப் பார்த்தாளாம். சனிக்கிழமை, இந்தக் குளிரில் ஊரெல்லாம் இதே முறைப்பாடு, நாளைக்குத்தான் வரலாம், அதுவரைக்கும் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றார்களாம்.

பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தால் என்ன என்று அவர் கேட்டார். தேற்றாத்தீவில் மாரி கடுமையாகி வளவில் தண்ணீர் ஊறினால் இவர்களுடைய கக்கூஸ் குழியும் நிரம்பிவிடும். அப்போது இலட்சுமிப்பிள்ளை கொஞ்சம் மேட்டில் இருக்கும் அன்னப்பூரணி வீட்டுக்குத்தான் போய் வருவாள். போனால் தேத்தண்ணி குடித்து ஊர்க்கதையும் கதைத்துவிட்டு ஆறுதலாக வருவாள். விதுர்ஷாவின் அயல்வீட்டுக் கிழவனும் கிழவியும் குளிருக்குப் பயந்து வெயிலுள்ள நாட்டுக்குப் போயிருந்தார்கள். காரை ஜெயரூபன் துறைமுகத்துக்குக் கொண்டுபோயிருந்தான். அடுத்த வீட்டுக்குப் பனி இறுகிய ரோட்டில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

"நீ நடக்காத," என்றார் உடனே. "என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லு. எனக்கு விளங்காட்டியும் பரவாயில்ல."

அவள் சொன்னாள். வீடு பள்ளத்தில், ரோட்டு மேட்டில். குளியலறை, குசினி, கக்கூஸ் என்று வீட்டில் கழிகிற தண்ணீரெல்லாம் வீட்டோரம் புதைத்த தொட்டிக்குள் விழும். தொட்டிக்குள் ஒரு பம்பி. விழுவதையெல்லாம் அது அரைத்துக் கூழாக்கி, பெருவிரல் மொத்தமுள்ள குழாய் வழியாகச் சரிவில் மேலே தள்ளும். ரோட்டடியில் போகும் நகரசபையின் பெரிய குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். விடிய எழும்பிப் பார்த்தால் தொட்டி நிரம்பிவிட்டதென்று சிவப்பு லைட் எரிகிறது. ஒரு மணியும் விடாமல் அடித்ததாம். அதை எப்படியோ நிறுத்திவிட்டாள்.

ஆற்றுத் தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்றுவதில் கோணாமலையின் பாதி ஆயுள் போயிருந்தது. ஆனால் கழிவு மேட்டுக்கு ஏறுவதை அவர் கேள்விப்பட்டதேயில்லை. பள்ளத்துக்கு விட்டால் தானாகப் போகுமே என்றார். பள்ளத்தில் கடல் அப்பா, அதுக்குள்ள விட ஏலா என்றாள். அவருக்கு அது சரியென்று பட்டது.

தனக்குத் தெரிந்த பம்பியை மனதில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காற்றுப் பிடித்திருக்குமா? இந்தப் பம்பி தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, காற்றுப் பிடிக்காது. அடி வால்வு கழன்றிருக்குமா? அப்படியொன்று இதில் இல்லை. டீசல் முடிந்திருக்குமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்க நினைத்ததை விதுர்ஷா முகத்தில் கண்டுபிடித்து, காலையிலிருந்து முதல் தரம் சிரித்தாள்.

"மிசின் சத்தம் கேக்குதா?"

கேட்கிறது என்றாள். கொஞ்ச நேரம் உறுமும், நின்றுவிடும், திரும்ப உறுமும்.

"அப்ப மிசின் சாகல்ல. போற வழிதான் அடைச்சிருக்கு. முதல்ல சுவிட்ச நிப்பாட்டு மகள். அடைச்ச குழாயில ஓட விட்டா கொயில் எரிஞ்சு போயிரும். நான் ரெண்டு எரிச்சவன்."

அவள் நிறுத்தினாள். குழாய்க்குள் தண்ணீர் உறைந்துவிட்டது என்பது அவளுக்கு முன்னமே தெரியும். எங்கே, ஏன் என்பதுதான் தெரியவில்லை. மூன்று மாரிகாலம் உறையாத குழாய் அது. சரி, அந்தக் குழாய் போகிற வழியை எனக்குக் காட்டு என்றார் கோணாமலை. காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். வீட்டுக்குள் தனியே இருந்து அழாமல் இருப்பாள் என்றுதான் சொன்னார்.

அவள் கைபேசியை ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள். வெளியே எல்லாம் பனி. உப்பளத்தில் உப்புக் காய்ந்து குவிந்து கிடந்ததுபோல அவருக்குத் தோன்றியது. வீட்டிலிருந்து ரோட்டுவரை அந்தப் பனிக்குக் கீழேதான் குழாய் போகிறது என்றாள். மண்ணுக்குக் கீழே உடனே கல் என்பதால் ஆழமாய்த் தோண்டிப் புதைக்க முடியவில்லையாம். அவ்வளவு பனியும் மேலே கிடந்தால் உறையாமல் என்ன செய்யும் என்று அவர் கேட்டார். இல்லை அப்பா, பனி போர்வை மாதிரி, அது மேலே கிடந்தால் மண்ணுக்குள் சூடு நிற்கும், குளிர் இறங்காது என்று அவள் விளங்கப்படுத்தினாள். பனி சூடு கொடுக்கும் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப ரோட்டடியில போர்வையக் காணல்லயே? அங்க கறுப்பாக் கிடக்கு."

விதுர்ஷா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். ரோட்டடியில் ஒரு கார் நிற்கிற அளவு இடத்தில் பனி வழிக்கப்பட்டு, தரை தெரிந்தது. பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வர வசதியாக இருக்கட்டும் என்று ஜெயரூபன் கப்பலுக்குப் போகுமுன் வழித்துவிட்டுப் போன இடம் அது. நேரே குழாயின் மேல்.

"ஆனா அதுக்கும் உறையக் கூடாது அப்பா," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "குழாயோட ஒரு வயர் போகுது. அது சூடாக்கும்."

"அந்த வயருக்குக் கரண்ட் வருதா?"

இது எந்த மேதையும் கேட்கும் கேள்வியல்ல. மழைக்காலத்தில் நாளுக்கு இரண்டு தரம் கரண்ட் போய் வருகிற ஊர்க்காரர் கேட்கும் கேள்வி. விதுர்ஷா கைபேசியையும் கொண்டு கீழ்த்தளத்துக்கு, ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். உடுப்புக் கழுவும் மிசினுக்குப் பின்னால் ஒரு பிளக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பிளக். அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், மூலையில் பழைய டீப் பிறீசர் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. மசக்கையில் மீனைத் தவிர வேறொன்றும் அவளுக்கு வாய்க்கு வைக்க முடியாமல் இருந்தது. அதற்காக ஜெயரூபன் எங்கேயோ தேடி வாங்கி வந்து, மூடி முட்ட மீன் நிரப்பி வைத்துவிட்டுப் போன பெட்டி.

அவள் மூடியைத் திறந்து தகப்பனுக்குக் காட்டினாள். கோணாமலை மீன்களைப் பார்த்தார். தன் சோற்றுக் கோப்பையில் ஆறிக் கிடந்த திரளிமீன் துண்டையும் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டிமேல் சாய்ந்துவிட்டாள். அப்படிச் சிரிக்காதே, பிள்ளைக்குக் குலுங்கும் என்று இவர் சொன்னதும் இன்னும் கூடிவிட்டது.

"வரட்டும் அவர், குடுக்கிறன்."

"மருமகன ஏசாத மகள். பாவம், ஆசையில செய்தது."

பிளக்கை மாற்றிப் போட்டாள். சின்னப் பச்சை லைட் பற்றியது. உருகுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமென்று இருவருக்கும் தெரியாது. அவளுக்கு இன்னும் சனிக்கிழமைப் பகல் முழுவதும் கிடந்தது. கோணாமலை கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அவள் கதிரையில் கால் நீட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த இடத்துக்கு ஒரு வாளி வைத்திருப்பதாகவும் அதைப் பற்றி மேலே கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள். அவர் கேட்கவில்லை.

இந்த முறை என்ன நெல் என்று அவள் விசாரித்தாள். அவர் நெல்லின் பெயரைச் சொன்னார். பயிர் கதிர் கட்டும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டதையும் சொன்னார். யானை இறங்குகிறதா என்று கேட்டாள். போன கிழமை வயலில் காவல் கிடக்கும் வாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றதை அவர் இதுவரை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. இலட்சுமிப்பிள்ளை பயந்துவிடுவாள் என்று. மகளிடம் சொன்னார். வெடி கொளுத்திப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் வாடிக்குள்ளேயே ஓடிப் புகுந்ததைச் சொன்னபோது, அவள் அவரை ஏசினாள். வெகுகாலத்துக்குப் பிறகு ஒருவர் தன்னை அக்கறையாய் ஏசுவதைக் கோணாமலை ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் சொன்னாள். முதல் வருட இருட்டில் தினமும் அழுததை, ஜெயரூபனுக்குத் தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை. பிறகு பனியில் கார் ஓட்டப் பழகியதை, அதன் பிறகு அழுகை குறைந்ததை. பம்பி உறுமும்போதெல்லாம் வயிற்றில் பிள்ளை உதைப்பதை. இதில் பாதி அம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம் என்றாள்.

இடையில் இரண்டு தரம் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். உறுமியதே தவிரத் தண்ணீர் இறங்கவில்லை.

பிறகு அவளுக்கு இருக்க முடியவில்லை. வழித்த இடத்தில் திரும்பப் பனியை அள்ளிப் போட்டு மூடினால் வயரின் சூடு மேலே போகாது என்றாள். கோணாமலை வேண்டாமென்று ஒரே பிடியாய் நின்றார். மெல்ல மெல்லத்தான் அப்பா, நீங்களும் கூடத்தானே வாறீங்க என்று சொல்லி, கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள். திரையில் ஒரே கறுப்பு. சப்பாத்துக்குக் கீழே பனி நொறுங்கும் சத்தமும் மகளின் மூச்சும் மட்டும் கேட்டன. பார்த்துப் போ, பார்த்துப் போ என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். மண்வெட்டியால் அள்ளும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

அதோடு எல்லாம் அறுந்தது.

கோணாமலை திரும்ப அழைப்பு எடுத்தார். போகவில்லை. இன்னொரு தரம் எடுத்தார். மருமகனுக்கு எடுத்தார், அதுவும் போகவில்லை. விழுந்துவிட்டாளோ என்ற நினைப்பு முதலில் வந்தது. பிறகு அந்த நினைப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வழுக்கும் தரை, வயிறு, சுற்றிலும் ஆளில்லாத வீடுகள். கைபேசியைப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். ரோட்டோரக் கடப்படிக்குப் போனார். அங்கே போய் யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் திரும்பி வந்தார். அன்னப்பூரணியின் மகன் மோட்டார் சைக்கிளில் போகிறபோது கை காட்டி நிறுத்தினார். அவனிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஒன்றுமில்லை, போ மனே என்றார். மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தார். என்ன நேர்த்தி என்று சொல்லாமலே வைத்தார்.

கைபேசி அடித்தபோது, முதல் மணியிலேயே பச்சையைத் தொட்டார்.

"குளிருக்கு போன் செத்துப் போச்சு அப்பா. உள்ளுக்கு வந்து சூடாக்கித்தான் உயிர் வந்தது." மூக்கும் கன்னமும் சிவந்து, முழுசாக, கதிரையில் இருந்தாள்.

கோணாமலை ஏசத்தான் வாயைத் திறந்தார். விம்மல்தான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, அழுறீங்களா?"

"இல்ல. தகரத்தில மழ. அந்தச் சத்தம்."

அவருக்குப் பின்னால் முற்றத்தில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கண்டிருப்பாள். கைபேசியை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

தேற்றாத்தீவில் வெயில் சாய்கிற நேரம் அவள் திரும்பவும் சுவிட்சைப் போட்டாள். பம்பி உறுமியது. கோணாமலை கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டார். முதலில் அதே உறுமல்தான். பிறகு நடுவில் ஒரு இருமல்போல. அதன் பிறகு சத்தம் மாறிவிட்டது; சுமை பிடித்து இழுக்கிற, ஒரே சீரான சத்தம்.

"போகுது மகள்," என்றார். "தண்ணி ஏறுது. சத்தத்தக் கேள்."

அவளால் சத்தத்தில் ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைய நேரம் எடுத்தது. அணைந்ததும், கைபேசியைக் கழுவும் மிசின்மேல் வைத்துவிட்டு, "இந்தா வாறன்" என்றபடி மறைந்தாள். தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம். கோணாமலை மரியாதையாகக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தும், பெரிய தண்ணீர்ச் சத்தம் நன்றாகவே கேட்டது. உள்ளேயிருந்து மகள் சிரிப்பதும் கேட்டது.

இருட்டுக்குமுன் இலட்சுமிப்பிள்ளை பலகாரப் பையோடு வந்து இறங்கினாள். கைபேசியை விட்டுவிட்டுப் போன கவலையில் சடங்கு வீட்டில் ஒழுங்காய்ச் சாப்பிடவுமில்லை. வந்ததும், நடந்தது எல்லாவற்றையும் கோணாமலை சொன்னார். சொல்லக்கூடாதென்று மகள் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. தன் பிள்ளை இவ்வளவு பட்டும் தனக்குத் தெரியாமல் போனதே என்று அவள் கண் கலங்கினாள். பிறகு, அவ்வளவு நேரம் அப்படி என்னத்தைக் கதைத்தீர்கள் என்று சந்தேகமாய்க் கேட்டாள். பம்பியைப் பற்றித்தான் என்றார் அவர்.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க இலட்சுமிப்பிள்ளை விமானம் ஏறினாள். கோணாமலை அறுவடையோடு தனியே நின்றார். அவருக்கென்று ஒரு நல்ல கைபேசி வாங்கியாயிற்று.

ஆடியில், அங்கே பனியெல்லாம் போய்ப் புல் முளைத்த காலத்தில், அந்தக் குழாயைத் தோண்டி எடுத்துக் கல்லை உடைத்து ஆழமாய்ப் புதைக்க ஜெயரூபன் ஆள் பிடித்தான். அந்த வேலையைத் தனக்குக் காட்ட வேண்டும் என்று கோணாமலை முன்னமே சொல்லிவைத்திருந்தார். சிறுபோகத் தண்ணீர் கட்டுகிற நாளில், வாடியில் இருந்தபடி பார்த்தார். மஞ்சள் மிசினொன்று கல்லை நறுக்கு நறுக்கென்று கொத்தியது. அதை ஓட்டியவன் சிவத்த தாடிக்காரன், வாசல் நிலையில் தலை முட்டும் உயரம். மாமனார் இலங்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஜெயரூபன் சொன்னதும், அவன் மிசினை நிறுத்திவிட்டு இறங்கினான். புதுக் குழாயைத் தூக்கி, அதைச் சுற்றியிருந்த தடித்த பஞ்சுறையையும் உள்ளே போகும் வயரையும் கைபேசிக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினான்.

கோணாமலை வெறும் மேலோடு இருந்தார். எழும்பி, வாடிக் கம்பில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு வந்து, முறையாகக் கும்பிட்டார். மகளிடம் கேட்டார்.

"அந்த மனிசன் மத்தியானம் சாப்பிட்டதா?"

விதுர்ஷா கேட்டாள். இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் ஏதோ வைத்துக் கொண்டுவந்திருக்கிறானாம்.

"வேல செய்ற மனிசனுக்குப் பாண் காணுமா? சோறு குடு."

இன்னும் அங்கேயே நின்ற இலட்சுமிப்பிள்ளை கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தாடிக்காரன் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான். உறைப்பில் காது சிவக்க, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். அவன் கோப்பையை வழித்து முடிக்கும்வரை, வாய்க்காலில் தண்ணீர் நிரம்பியதையும் பார்க்காமல், கோணாமலை கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.